பெயர் மாறிக்கொண்டே இருக்கும் கணுக்களுக்கு நம்பிக்கைப் புள்ளி போட முடியுமா?

2024 செப்டம்பர் 21 — ஹல்துமுல்லை

தேயிலை மலைச் சரிவில் 24 கணுக்கள், அதாவது ரேடியோ உள்ள உணரிப் பெட்டிகள். மழைமானி, சாய்வுமானி, மண் ஈரமானி கலந்து இருக்கின்றன. ரேடியோ 802.15.4 என்ற குறைந்த மின்சக்தித் தரநிலை, பத்து நிமிடம் ஒரு சுற்று, சுற்றுக்கு ஒரு பாக்கெட். எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று ரேடியோவைக் கேட்டே கண்டுபிடித்து சோலார் தகட்டையும் பெட்டரியையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதால், கணுக்களின் முகவரியைச் சுற்றுக்குச் சுற்று மாற்றும் திட்டம். அதே நேரம் பாக்கெட்டை விழுங்கும் கணு எது, பொய் அளவு சொல்லும் கணு எது என்று புள்ளி போடவும் வேண்டும். பெயர் மாறினால் பழைய புள்ளி எதில் ஏறும்? அநாமதேயம் வேண்டுமானால் நம்பிக்கை மதிப்பீட்டைக் கைவிட வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

2024 செப்டம்பர் 21, இரவு — பண்டாரவளை

கைவிட வேண்டாம். பெயரின்மேல் புள்ளி எழுதினால்தான் சிக்கல். புள்ளியை இணைப்புச் சாவியின்மேல் எழுதுங்கள்.

ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக் கணு ஒவ்வொன்றோடும் தனித்தனிச் சாவி வைத்திருக்கும். அந்தச் சாவியோடு சுற்று எண்ணையும், போகும் திசையைச் சொல்லும் ஒரு பிட்டையும் சேர்த்து, சாவியால் முத்திரை எண் உண்டாக்கும் ஏ.ஈ.எஸ் சிமாக்கில் (AES-CMAC) போடுங்கள். வரும் 16 பைட்டில் முதல் 4 பைட்தான் அந்தச் சுற்றுக்கான புனைபெயர். சாவி உள்ள அண்டைக் கணு அடுத்த பெயரை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும். ஒட்டுக்கேட்பவனுக்கு அது அர்த்தமில்லாத எண். அண்டைப் பட்டியலில் ஒரு வரியில் சாவி, எதிர்பார்க்கும் மூன்று பெயர், நல்லது கெட்டது என இரண்டு எண்ணிக்கை இருக்கும். பெயர் எத்தனை தடவை மாறினாலும் வரி மாறாது, புள்ளியும் அதிலேயே நிற்கும்.

நினைவகக் கணக்கு: 8 அண்டைகளுக்குப் பெயர்கள் 96 பைட், சாவிகள் 128 பைட், எண்ணிக்கைகள் 32 பைட். மொத்தம் 256 பைட். டெலோஸ்பி (TelosB) என்ற சிறு உணரிக் கணுவின் 10 கிலோபைட் ரேமிலேயே இது அடங்கும்.

மிஸ்ராவும் ஷுவேயும் 2006இல் இரண்டு திட்டம் கொடுத்தார்கள். ஒன்றில் பெயர்களை முன்பே தொகுதியாகப் பங்கிட்டு வைக்க வேண்டும், அது நினைவகத்தைத் தின்னும். மற்றதில் சாவி சேர்த்த ஹாஷால் அப்போதைக்கப்போது பெயர் பிறக்கும், அது கணிப்பு நேரத்தைத் தின்னும். ரேடியோ சிப்பிலேயே ஏ.ஈ.எஸ் வன்பொருள் இருப்பதால் நமக்கு இரண்டாவதே தோது.

2024 செப்டம்பர் 22 — ஹட்டன்

ஒரு திருத்தம். 802.15.4இன் குறு முகவரி 2 பைட், நீள முகவரி 8 பைட். 4 பைட் பெயருக்குச் சரியாகப் பொருந்தும் முகவரிப் புலம் கிடையாது.

2024 செப்டம்பர் 22 — பண்டாரவளை

முகவரிப் புலத்தில் வைக்கக் கூடாது, பாக்கெட்டின் உள்ளே முதல் நாலு பைட்டாக வையுங்கள். பெறுநர் முகவரியை எல்லோருக்கும் என்ற பொது எண்ணாக விட்டுவிடுங்கள். பெயர் திசையோடு சேர்ந்து பிறப்பதால் அனுப்புநர், பெறுநர் இரண்டையும் அந்த ஒரே எண் சொல்லிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பொது முகவரிக்குப் போகும் பாக்கெட்டுக்கு வன்பொருள் தானாக ஒப்புகை (கிடைத்தது என்ற பதில்) அனுப்பாது. மென்பொருளில் அனுப்பலாம் என்றால் தரநிலை தரும் காத்திருப்பு 54 குறியீட்டு நேரம்தான், 2.4 கிகாஹேர்ட்ஸில் 864 மைக்ரோசெக்கன். அதற்குள் பெயரைத் தேடி, பாக்கெட் போலி இல்லை என்று காட்டும் முத்திரையைச் சரிபார்த்துப் பதில் சொல்வது சின்ன நுண்செயலிக்கு நடக்காத காரியம். எனவே ஒப்புகையைத் தனிச் சிறு பாக்கெட்டாக, 20 மில்லிசெக்கன் அவகாசம் வைத்து அனுப்புங்கள்.

2 பைட்டில் பெயர் வைத்தால் என்ன என்றும் கேட்கலாம். எதிர்பார்க்கும் பெயர் 24 என்றால், சம்பந்தமில்லாத ஒரு பாக்கெட் தற்செயலாகப் பொருந்த 65,536இல் 24 வாய்ப்பு, சுமார் 2,700க்கு ஒன்று. முத்திரை அதைப் பிடித்துவிடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் வீண் கணிப்பு. 4 பைட்டில் அந்தத் தொல்லை இல்லை.

2024 செப்டம்பர் 22, பிற்பகல் — ஹட்டன்

பெயரை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுபவர்கள் அதிகம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். ஃபிரேமில் 8 பிட் வரிசை எண் ஒன்று திறந்தபடி போகிறது. பெயர் மாறும் நேரத்தில் அது 117இலிருந்து 118க்குப் போனால், பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பெட்டி என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். சுற்றுக்குச் சுற்று அதைத் தற்போக்கு எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, பாதுகாப்புத் தலைப்பில் உள்ள 4 பைட் ஃபிரேம் கணக்கி. அது மறைக்கப்படாமல், ஏறிக்கொண்டே போகும் எண். பெயரை ஆயிரம் தடவை மாற்றினாலும் அது காட்டிக்கொடுக்கும். ஒன்றில் 2015 பதிப்பில் உள்ள, நேரத்தைத் துண்டு போட்டு அனுப்பும் டிஎஸ்சிஎச் (TSCH) முறைக்குப் போய், எல்லோருக்கும் பொதுவான நேரத்துண்டு எண்ணை நொன்ஸாக்கி (மறுபடி வராத எண்), கணக்கியைத் தவிர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தரநிலைப் பாதுகாப்பை அணைத்து, சுற்று எண்ணையும் சுற்றுக்குள் உள்ள பாக்கெட் எண்ணையும் நொன்ஸாக வைத்து நீங்களே சிசிஎம் (CCM) முறையில் முத்திரை போடுங்கள், 8 பைட்.

பாக்கெட் நீளம், அனுப்பும் நொடி இரண்டும்கூடக் காட்டிக்கொடுக்கும். மழைமானிப் பாக்கெட் 31 பைட், சாய்வுமானிப் பாக்கெட் 38 பைட் என்றால் எது எது என்று கேட்பவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு நிரப்புங்கள். அனுப்பும் நேரத்தைப் பத்து நிமிடச் சுற்றுக்குள் எங்காவது தற்போக்காக விழவிடுங்கள்.

2024 செப்டம்பர் 23 — நுவரெலியா

சுற்று எண் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கக் கடிகாரம் ஒத்துப்போக வேண்டுமே. இங்கே ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி கிடக்கும். கடிகாரத்தின் கிறிஸ்டல் பிசகி நேரம் ஓடிவிடாதா?

2024 செப்டம்பர் 23 — பண்டாரவளை

ஓடும், ஆனால் கொஞ்சம்தான். 32.768 கிலோஹேர்ட்ஸ் கிறிஸ்டல் 25 பாகையில் சரியாக இருக்கும். அதிலிருந்து விலகும் பாகையின் வர்க்கத்தை 0.034ஆல் பெருக்கினால் வரும் அளவு, பத்து லட்சத்தில் அத்தனை பங்கு, மெதுவாகும். 5 பாகையில் 20இன் வர்க்கம் 400, எனவே சுமார் 13.6. உற்பத்திப் பிழை கூடக் குறைய 20. மோசமான இரண்டு பெட்டிகள் ஒரே குளிரில் நின்றால் அவற்றுக்கிடையே 40 பங்கு வித்தியாசம், ஒரு நாளைக்கு மூன்றரை செக்கன். முந்திய, இப்போதைய, அடுத்த சுற்று என மூன்று பெயரையும் ஏற்பதால், பத்து நாள் நேரம் ஒத்திசைக்காவிட்டாலும் இடறாது. எல்லாப் பாக்கெட்டும் வந்து சேரும் தலைமைப் பெட்டியான கேட்வே, சுற்றுக்குச் சுற்று அனுப்பும் ரசீதில் நேரமும் வந்துகொண்டிருக்கும்.

2024 செப்டம்பர் 25 — ஹல்துமுல்லை

சாவியில் புள்ளி என்பது விளங்கிவிட்டது. புள்ளியை எதை வைத்துப் போடுவது? பாடப்புத்தகங்களில் வாட்ச்டாக் என்று இருக்கிறது. அடுத்த கணு என் பாக்கெட்டைத் தள்ளிவிடுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பது.

2024 செப்டம்பர் 25, இரவு — பண்டாரவளை

2000இல் மார்ட்டியும் கூட்டாளிகளும் அதை எழுதியது நடமாடும் கணினி வலையமைப்புக்கு. நமக்கு இரண்டு காரணத்தால் ஒத்துவராது.

முதலாவது மின்சாரம். டெலோஸ்பியின் ரேடியோ சிப்பான சிசி2420 கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலே 18.8 மில்லி அம்பியர் இழுக்கும். 2,500 மில்லி அம்பியர் மணி உள்ள இரண்டு ஏஏ பெட்டரி 133 மணித்தியாலத்தில், ஐந்தரை நாளில் படுத்துவிடும்.

இரண்டாவதுதான் அடிப்படைச் சிக்கல். அநாமதேய வலையமைப்பில் ஒவ்வொரு தாவலிலும், அதாவது கணுவிலிருந்து கணுவுக்குப் போகும் ஒவ்வொரு படியிலும், பாக்கெட் வேறு சாவியால் மறுபடி மூடப்படுகிறது, பெயரும் மாறுகிறது. அடுத்த கணு அனுப்பும் பாக்கெட் காதில் விழுந்தாலும், அது நம்முடையதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. வழி இருந்தால் வெளியாருக்கும் அதே வழி திறந்திருக்கும்.

மாற்று வழி கேட்வே ரசீது. ஒவ்வொரு சுற்று முடிவிலும், வந்து சேர்ந்த பாக்கெட்டுகளைக் கேட்வே ஒரு புளூம் வடிகட்டியில் (எது வந்தது என்பதைச் சில பிட்டில் சுருக்கும் பட்டியல்) போட்டு எல்லோருக்கும் ஒலிபரப்பட்டும். 24 பாக்கெட்டுக்கு 240 பிட், அதாவது 30 பைட் போதும். பாக்கெட்டுக்கு 10 பிட், 7 ஹாஷ் என்றால், வராததை வந்ததாகக் காட்டும் பிழை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 127 பைட் ஃபிரேமுக்குள் தாராளமாக அடங்கும். ஹாஷில் கணுவுக்கும் கேட்வேக்கும் மட்டும் தெரிந்த சாவி கலந்திருப்பதால் வெளியார் அதை வாசிக்க முடியாது. ரசீது போலி இல்லை என்று உறுதிசெய்ய மைக்ரோ டெஸ்லா: இந்தச் சுற்றின் ரசீதுக்கு முத்திரையிட்ட சாவியை அடுத்த சுற்றில் வெளியிடுவது.

கணு இரண்டு விடயம் பார்க்கும். அடுத்த கணு ஒப்புகை தந்ததா? ரசீதில் என் பாக்கெட் இருக்கிறதா? ஒப்புகை தந்து ரசீதிலும் இருந்தால் நல்லதில் ஒன்று. ஒப்புகை தந்து ரசீதில் இல்லாவிட்டால் கெட்டதில் ஒன்று. ஒப்புகையே வராவிட்டால் அது காற்றின் குற்றம், புள்ளியில் கை வைக்காதீர்கள்.

2024 செப்டம்பர் 26 — பண்டாரவளை

கணக்குப் பகுதி. யோசாங்கும் இஸ்மாயிலும் 2002இல் தந்த பீட்டா முறையே போதும். நம்பிக்கை = (நல்லது + 1) ÷ (நல்லது + கெட்டது + 2). 20இல் 18 போய்ச் சேர்ந்தால் 19 ÷ 22 = 0.86.

ஒன்றும் தெரியாத புதுக் கணுவுக்கு இது 0.5 தரும். இருநூறில் நூறை விழுங்கிய கணுவுக்கும் 0.5தான் தரும். இரண்டையும் ஒன்றாக நடத்தவே கூடாது. பக்கத்தில் நிச்சயமின்மையை வையுங்கள்: 2 ÷ (நல்லது + கெட்டது + 2). புதிதுக்கு 1, மற்றதுக்கு 0.01. முதலாவதுக்கு இன்னும் வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும், இரண்டாவதன் வழியாக ஒன்றும் அனுப்பக் கூடாது.

பழையது மங்கவும் வேண்டும். சுற்றுக்குச் சுற்று இரண்டு எண்ணிக்கையையும் 0.9ஆல் பெருக்குவது வழக்கம். அப்படிச் செய்தால், பத்துச் சுற்று ஒழுங்காக இருந்து இரண்டு சுற்று கெடுதல் செய்யும் கணு சராசரியாக 0.78இல் சுகமாக நிற்கும். கெட்டதை மட்டும் 0.98ஆல் பெருக்கி மெதுவாக மங்கவிடுங்கள். அதே கணு 0.5க்கு இறங்கிவிடும். நூற்றுக்கு ஐந்து பாக்கெட்டைக் காற்றில் இழக்கும் நேர்மையான கணுவும் 0.875இலிருந்து 0.75க்கு இறங்கும் என்பதால் எல்லைக்கோட்டை 0.6இல் வையுங்கள். 0.8இல் வைப்பவர்கள் நல்ல கணுக்களையே வெளியேற்றிவிட்டுப் பிறகு வழி தேடுவார்கள்.

2024 செப்டம்பர் 28 — மஸ்கெலியா

தென்மேற்குப் பருவமழை இறங்கினால் இங்கே பகல் முழுக்கப் பனிமூட்டமும் தூறலும்தான். அந்த நாட்களில் உங்கள் முறைப்படி எல்லோர் புள்ளியும் சரிந்துவிடும். முதல் தாவலைக் காற்றின் கணக்கில் விட்டுவிட்டீர்கள், அதற்கடுத்த தாவல்களிலும் அதே காற்றுத்தானே?

2024 செப்டம்பர் 28 — ஹட்டன்

ரசீதிலேயே ஒரு பைட் சேர்த்து, இந்தச் சுற்றில் மொத்தம் எத்தனை பங்கு வந்து சேர்ந்தது என்று கேட்வே சொல்லட்டும். நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போனால் அந்தச் சுற்றில் யாரும் புள்ளி மாற்ற வேண்டாம், மங்கவும் வேண்டாம். மழை முடியும்வரை கணக்கு உறையட்டும்.

2024 செப்டம்பர் 28, இரவு — பண்டாரவளை

உறைய வைப்பது சரி. எதைப் பார்த்து உறைய வைப்பது என்பதில் கவனம் வேண்டும். கேட்வேக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு கணு வழியாகப் பாதி மலையின் பாக்கெட்டுகள் போகின்றன. அது கெட்டுப்போய் பெரும்பகுதியை விழுங்கினால், மொத்த வரவு எழுபதுக்குக் கீழே இறங்கும், எல்லோரும் புள்ளியை உறைய வைப்பார்கள், குற்றவாளி அந்த உறைவுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும்.

தனியொரு கணுவால் கெடுக்க முடியாத சாட்சி வேண்டும். ஒவ்வொரு அண்டையும் சுற்றுக்கு ஒரு பீக்கன் (இருக்கிறேன் என்று சொல்லும் சிறு சமிக்ஞை) அனுப்புகிறது. அது நேரே ஒரே தாவலில் வருவது, நடுவில் யாரும் கிடையாது. எட்டு அண்டையில் ஐந்துக்குக் குறைவாகவே பீக்கன் காதில் விழுந்தால், என் பக்கத்துக் காற்று கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு அந்தச் சுற்றை உறைய வையுங்கள். எல்லாப் பீக்கனும் ஒழுங்காகக் கேட்டும் ரசீதில் என் பாக்கெட் இல்லையென்றால், அது வானிலை அல்ல.

மழையில் மட்டும் கெடுதல் செய்யும் கணு இதில் தப்பும். அதைக் கணுக்களால் பிடிக்க முடியாது. கேட்வே வாரக்கணக்கான பதிவை வைத்து, எந்தக் கிளையில் மழைநாள் இழப்பு மற்றக் கிளைகளைவிட அதிகம் என்று பார்க்க வேண்டும்.

2024 செப்டம்பர் 30 — மஸ்கெலியா

மழை பற்றி ஒரு தெளிவு. 2.4 கிகாஹேர்ட்ஸில் மழைத்துளி சமிக்ஞையை விழுங்குவது மிகச் சொற்பம், நூறு மீற்றர் இணைப்பில் அளக்கவே முடியாது. கெடுப்பது நனைந்த இலையும், அன்டெனாவிலும் பெட்டி மூடியிலும் படியும் தண்ணீரும்தான். பெட்டிக்குள் நீராவி குளிர்ந்து துளியாகிச் சர்க்கியூட்டில் படிவதும் சேரும். அன்டெனா அடிக்குச் சிலிக்கோன் பூசுங்கள். பெட்டியின் அடியில் சிறு துளையிட்டு வலை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடிவரும்.

கவ்வாத்தை, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவதை, மறக்காதீர்கள். நூறு மீற்றர் இணைப்பின் நடுவில் அலை தடையின்றிப் போக வேண்டிய முதல் ஃபிரெனெல் வலயத்தின் ஆரம் 1.77 மீற்றர். அன்டெனா இரண்டு மீற்றர் கம்பத்தில் நின்றாலும், இடுப்பளவு செடி அந்த வலயத்தின் அடிப்பகுதியை மறைத்துவிடும். கவ்வாத்து முடிந்ததும் அதே இணைப்பு பளிச்சென்று ஆகும். பிறகு செடி தழைக்கத் தழைக்க மெல்ல மங்கும். நிழல்மரக் கிளை வெட்டினாலும் இதேதான். எந்த நம்பர் மலைக்கு எப்போது கவ்வாத்து என்ற பட்டியல் தோட்டத்தில் இருக்கும். அதை வாங்கி, அந்தத் தேதிக்குப் பிறகு அங்குள்ள இணைப்புகளின் எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்குங்கள்.

2024 ஒக்டோபர் 3 — பதுளை

இதுவரை பேசியது எல்லாம் பாக்கெட்டைத் தள்ளிவிடுவதில் நாணயம். அளவு சொல்வதில் நாணயத்துக்கும் இதே புள்ளியா?

2024 ஒக்டோபர் 3 — பண்டாரவளை

இரண்டுக்கும் தனித்தனிப் பேரேடு. ஒன்றாக்கினால் இரண்டும் கெடும்.

உதாரணம் கையிலேயே இருக்கிறது. டெலோஸ்பியில் எம்எஸ்பி430 நுண்செயலி 1.8 வோல்ட்வரை ஓடும், சிசி2420 ரேடியோ 2.1 வோல்ட்வரை ஓடும், எஸ்எச்டி11 ஈரப்பத வெப்ப உணரிக்கு 2.4 வோல்ட் வேண்டும். பெட்டரி 2.4இலிருந்து 2.1க்கு இறங்கும் இடைவெளியில் ரேடியோ கச்சிதமாக வேலை செய்யும், பாக்கெட் ஒன்றுகூட விடாமல் தள்ளும், ஆனால் அனுப்பும் வெப்ப அளவு குப்பை. தள்ளுவதில் 0.9, அளவில் பூச்சியம். இன்டெல் பெர்க்லி ஆய்வுகூடம் 2004இல் 54 கணுக்களை வைத்துச் சேகரித்த பொதுத் தரவைத் திறந்து பாருங்கள். பெட்டரி சாகும் தறுவாயில் அறை வெப்பம் 100 பாகையைத் தாண்டிப் பதிவாகியிருக்கும். எனவே ஒவ்வொரு அளவோடும் பெட்டரி வோல்ட்டையும் அனுப்புங்கள், ஒரு பைட்தான். 2.5க்குக் கீழே இருந்தால் அந்த உணரியின் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பாக்கெட் தள்ளும் வேலையை மட்டும் தொடர்ந்து கொடுங்கள்.

அளவுப் பேரேட்டைக் கேட்வேயில் வையுங்கள். எல்லாச் சாவியும் அங்கே இருப்பதால் எந்தப் பெயர் எந்தப் பெட்டி என்று அதற்கு மட்டும் தெரியும். கணுக்கள் ஒன்றைப்பற்றி ஒன்று கோள் சொல்லும் பரிந்துரை முறை வேண்டவே வேண்டாம். எட்டு அண்டை உள்ள சிறு வலையமைப்பில் இரண்டு பொய்க் கணு சேர்ந்தால் நல்ல கணுவின் பெயரைக் கெடுத்துவிடும். பெயர் மாறும் இடத்தில் யார் சொன்னது என்று திரும்பிப் பிடிக்கவும் முடியாது.

2024 ஒக்டோபர் 4 — பதுளை

அண்டையோடு ஒப்பிடுவதில் மலைநாட்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மே முதல் செப்டம்பர்வரை முகட்டுக்கு அந்தப் பக்கம், ஹட்டன் மஸ்கெலியாவில் கொட்டும்போது, இந்தப் பக்கம் ஊவாவில் வறண்ட காற்றுத்தான் அடிக்கும். வடகீழ்ப் பருவத்தில் மாறிவிடும். முகட்டின் இரண்டு பக்கத்திலும் கணு வைத்திருந்தால் இருநூறு மீற்றர் தூரமும் அண்டை என்ற கணக்கில் வராது. ரேடியோவுக்கு அண்டை வேறு, மழைக்கு அண்டை வேறு. மழை அண்டைப் பட்டியலைச் சரிவின் முகம் பார்த்துக் கையாலேயே எழுதுங்கள்.

மழைமானி அடைபட்டதைப் பிடிக்கும் முறை: ஒரே முகத்தில் உள்ள மற்ற இரண்டும் 20 மில்லிமீற்றர் காட்டும்போது இது பூச்சியம் காட்டினால் புனலில் இலை, அல்லது வாளிக்குள் சிலந்தி. வாளி ஒரு தடவை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீற்றர் என்றால் 20க்கு நூறு தடவை கவிழ வேண்டும். பாதி அடைபட்டதுதான் இன்னும் ஆபத்து. மழை விட்டபிறகும் சொட்டுச் சொட்டாகக் கவிழ்ந்துகொண்டே இருக்கும், மொத்தம் ஏறக்குறைய சரியாக இருக்கும், ஆனால் மணிக்கணக்கு முற்றிலும் பொய். மழை நின்று அரை மணித்தியாலம் கழித்தும் கவிழும் மானிக்குப் புள்ளி குறையுங்கள்.

2024 ஒக்டோபர் 6 — ஹல்துமுல்லை

அப்படியானால் அளவில் 0.6க்குக் கீழே போன கணுவின் பாக்கெட்டைக் கேட்வே தள்ளுபடி செய்யலாம்தானே? மென்பொருளில் ஒரு வரி வேலை.

2024 ஒக்டோபர் 6, இரவு — பண்டாரவளை

தம்பி, அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்த இழை முழுவதிலும் இதுதான் முக்கியம்.

சரிவு அசையத் தொடங்கும்போது என்ன நடக்கும் என்று வரிசையாகப் பாருங்கள். நகரும் மண்ணில் நிற்கும் கணு ஒன்றோ இரண்டோதான். அவற்றின் சாய்வு அளவு மற்ற எல்லோருடைய அளவிலிருந்தும் விலகும். கம்பம் சாய்ந்ததும் அன்டெனா திசை மாறி இணைப்பு மங்கும், பாக்கெட் இழப்பு கூடும். மண் ஈரமானி சடாரென்று ஏறும் அல்லது கம்பி அறுந்து பூச்சியம் காட்டும். பிறகு அமைதி. எந்த நம்பிக்கை முறையாக இருந்தாலும் இதைக் கெட்டுப்போன கணு என்றே படிக்கும். அண்டையோடு ஒத்துப்போகவில்லை, பாக்கெட் விடுகிறது, தள்ளுபடி செய் என்று சொல்லும். உண்மை பேசும் ஒரே கணுவை, அது பேச வேண்டிய அந்த நேரத்தில் வாயடைக்கும்.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் தொழிலாளர் லயன் வீடுகள் மண்ணுக்குள் போன இடம் உங்கள் பிரதேசத்திலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட சரிவில் வைக்கும் முறைக்கு, குறைந்த புள்ளி என்பது சராசரியில் எடை குறைக்கும் காரணமாக மட்டும் இருக்கலாம். எச்சரிக்கையைத் தடுக்கும் காரணமாக ஒருநாளும் இருக்கக் கூடாது.

2024 ஒக்டோபர் 7 — ஹட்டன்

திருடப்பட்ட கணு ஒன்று சாவியோடு எவன் கையிலாவது இருந்தால்? பொய் எச்சரிக்கை இரண்டு தடவை வந்து, ராத்திரியில் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடிய சனம் மூன்றாவது தடவை ஓடாது. அதுவும் உயிர் விடயம்தான்.

2024 ஒக்டோபர் 7 — பண்டாரவளை

ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் கேள்வி கேட்கும் படி ஒன்று நடுவில் வேண்டும். சாய்வு எச்சரிக்கை வந்ததும், கணுவின் புள்ளி என்னவாக இருந்தாலும், கேட்வே அதே முகத்தில் உள்ள எல்லாக் கணுவையும் பத்து நிமிடத்திலிருந்து ஒரு நிமிடச் சுற்றுக்கு மாற்றட்டும். அடுத்து மழையைப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எல்லைகள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் வெளியேற்றம்.

மழை 75ஐத் தாண்டியிருந்து, இன்னொரு கணுவும் சாய்வு காட்டினால் உடனே அழைப்பு. மழை 75ஐத் தாண்டியிருந்து அண்டைக் கணுக்கள் பதிலே சொல்லாவிட்டாலும் உடனே அழைப்பு. ஒரே முகத்தில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று கணுக்கள் ஒரே சுற்றில் மௌனமானால், யாரும் சாய்வு காட்டாவிட்டாலும் அதை எச்சரிக்கையாகவே எடுங்கள். மழையோடு, அண்டைகள் தெளிவாகப் பதில் சொல்லி அசைவில்லை என்றால், லயத்தில் பொறுப்பானவருக்குத் தொலைபேசி: சுவரில் புது வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் கலங்கல், மரம் சாய்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி. வெயில் காலத்தில் தனியொரு கணு கத்தினால் ஆள் அனுப்பிப் பெட்டியைப் பாருங்கள். மாடு உரசியிருக்கும், அல்லது யாரோ கழற்றப் பார்த்திருப்பார்கள்.

நிறுவனம் விடுக்கும் அறிவித்தல் வந்தால் கணுக்கள் என்ன சொன்னாலும் அதுவே மேல்.

2024 ஒக்டோபர் 8 — ஹட்டன்

திருடப்பட்ட கணுவின் சாவி பற்றி. சூ, சேத்தியா, ஜஜோதியா 2003இல் எழுதிய லீப் முறையில், பெட்டி நட்ட முதல் சில செக்கன்களுக்குள் அண்டைச் சாவிகளை உண்டாக்கிவிட்டு மூலச் சாவியை நினைவகத்திலிருந்து அழித்துவிடும். பிறகு பெட்டியைக் களவெடுத்தாலும் அதன் எட்டு இணைப்புச் சாவிதான் கிடைக்கும், மலை முழுவதின் சாவி கிடைக்காது. பழைய பெட்டியைப் புதுப் பெயரில் திரும்பக் கொண்டுவந்து சுத்தமான புள்ளியோடு தொடங்கும் தந்திரமும் நடக்காது, புதிதாகச் சேர மூலச் சாவி வேண்டும். புதிதாகச் சேரும் உண்மைக் கணுவுக்கும் முதல் 24 மணித்தியாலம் மற்றவர் பாக்கெட்டைத் தள்ளும் வேலை கொடுக்காதீர்கள், தன் அளவை மட்டும் அனுப்பட்டும்.

2024 ஒக்டோபர் 12 — மஸ்கெலியா

கொஞ்சம் விலகிய கேள்வி. கொழுந்துக் கூடையில் டாக் (சிறு ரேடியோ அடையாளச் சில்லு) கட்டி எந்த மலையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்க்கும் யோசனை அடிபடுகிறது. இதே புனைபெயர் முறை அதற்கும் போதுமா?

2024 ஒக்டோபர் 12 — பண்டாரவளை

போதாது. இங்கே கேட்வேக்கு எல்லாச் சாவியும் தெரியும், வெளியாருக்கு மட்டும் தெரியாது. அங்கே கேட்வே தோட்டத்து ஒஃபிஸில் இருக்கும், மறைக்க வேண்டியதே அதனிடமிருந்துதான். எந்த அம்மா எத்தனை மணிக்கு எங்கே உட்கார்ந்தார் என்று பதிவாகும் முறைக்கு நான் உதவ மாட்டேன்.

ஆள் எண்ணிக்கை மட்டும் வேண்டுமானால், காலையில் பிரட்டில் (வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) டாக்குகளை ஒரு பெட்டியில் கொட்டிக் குலுக்கி, ஆளுக்கொன்றைத் தாங்களே எடுக்கவிடுங்கள். மாலையில் திரும்பப் போடட்டும். ஒரு நாளைக்கு மட்டும் வாழும் பெயர், யாரிடம் எது என்று எங்கும் எழுதப்படாது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் பதிவுக்குப் பெயர் வேண்டும், அது சம்பளக் கணக்கு. அந்தத் தராசுக்குப் பக்கத்தில் டாக் வாசிக்கும் கருவி வைக்கவே கூடாது, வைத்தால் இரண்டு பதிவும் நேரத்தால் ஒட்டிக்கொள்ளும்.

2024 ஒக்டோபர் 19 — ஹல்துமுல்லை

மென்பொருள் தயார். நடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

2024 ஒக்டோபர் 19 — பண்டாரவளை

ஆறு பெட்டியை ஒரு சரிவில் வைத்து இதே வரிசையில் செய்யுங்கள்.

நடுப் பெட்டியில் மென்பொருளால் பத்தில் மூன்று பாக்கெட்டை விழுங்கச் சொல்லுங்கள். அதன் புள்ளி 0.6க்குக் கீழே இறங்கி மற்றவை வழி மாற்ற வேண்டும். அடுத்து பத்துச் சுற்று நல்லது, இரண்டு சுற்று கெட்டது. பிறகு எல்லா அன்டெனாவையும் நனைத்த சாக்கால் மூடுங்கள்: பீக்கன் குறைந்து புள்ளிகள் உறைய வேண்டும், ஒன்றும் இறங்கக் கூடாது. சாக்கு மூடியும் பீக்கன் குறையாவிட்டால் அனுப்பும் சக்தியைக் குறைத்துப் பாருங்கள். ஒரு மழைமானிப் புனலில் இலையை அடைத்து, மூன்றிலும் தலா 400 மில்லிலீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். காற்றில் போகும் பாக்கெட்டை ஒட்டுக்கேட்கும் தனி ஸ்னிஃபரில் பதிவெடுத்து, பெயர் மாறும் எல்லையில் வரிசை எண், நீளம், நேரம் எதையாவது வைத்துப் பழையதையும் புதியதையும் இணைக்க முடிகிறதா என்று இந்த முறையை எழுதாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, அளவுப் பேரேட்டில் வேண்டுமென்றே 0.2க்கு இறக்கி வைத்த ஒரு பெட்டியை எடுங்கள். மழை அளவைக் கையால் 80 மில்லிமீற்றராகக் கொடுங்கள். கம்பத்தை ஐந்து பாகை சாய்த்து, ஒரு பாக்கெட் போனதும் பெட்டரியைக் கழற்றுங்கள். பக்கத்து இரண்டு பெட்டியையும் அணைத்துவிடுங்கள். கேட்வே ஒரு நிமிடச் சுற்றுக்கு மாறி, பதில் இல்லாத மூன்றாவது நிமிடத்துக்குள் தொலைபேசி அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் எங்கேயோ ஒரு இடத்தில் 0.6 என்ற எல்லை எச்சரிக்கைப் பாதையில் நுழைந்திருக்கிறது. அதைத் தேடி எடுக்கும்வரை ஒரு பெட்டியையும் மலையில் நடாதீர்கள்.